அயலாரோடு வாதிக்கும் முறை

வாதம் தமிழருக்குப் புதியதன்று. மாதவன் வடிவங்கொண்டு வஞ்சி நகர் புகுந்த மணிமேகலை, பல சமயக் கணக்கரையும் அடுத்து, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டறிந்த செய்தி அக்காப்பியத்தில் ஒரு தனிக் காதையாக விரிகின்றது. நீலகேசி என்னும் நூலோ பெரும்பாலும் வாதமே பொருளாக அமைந்தது. பட்டிமண்டபம் என்னும் சொல்லும் நம் பழங்காப்பியங்களில் வழங்கியதேயாம். ஆயின், அப்பழைய வாதத்திற்கும், இக்காலத்தில் கைப்பேசி வாயிலாக நாடோறும் நிகழும் வாதத்திற்கும் ஒரு பெருவேற்றுமை உண்டு. முன்னையோர் எதிரியின் முகத்தைக் கண்டு வாதித்தனர். நாமோ பெயரும் ஊரும் அறியாத ஒருவரோடு அரசியலும் சமயமும் சமுதாயச் சிக்கல்களும் பேசுகின்றோம். அங்ஙனம் பேசுதற்கு முறை ஒன்று உண்டா, உண்டாயின் அஃது யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்குக் கடையநல்லூரை மனத்தில் இருத்திக்கொள்வது நலம். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், தென்காசியினின்று இராசபாளையம் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் அது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமானதுமுதல் அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. கைத்தறி நெசவாற் பெயர்பெற்ற இவ்வூரின் முஸ்லிம் குடும்பத்தார் பலர் முன்னரே கடல் கடந்து மலேயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்தனர். சிங்கப்பூரில் அவர்கள் தம் ஊர்ப்பெயராலேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் சங்கத்தை 1941-இல் நிறுவினர். பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் பலர் சென்றனர். ஊரிலோ தொழுகைப் பள்ளியும் கோயிலும் மாதா கோயிலும் ஒரே கடைத்தெருவை நம்பி வாழ்கின்றன. இத்தகைய ஊரில், கடலுக்கு அப்பால் இரவில் ஒருவர் சினந்து எழுதிய சொல், மறுநாட் காலையிலேயே தேநீர்க் கடைப் பலகையில் வந்து அமர்ந்துவிடுகின்றது. எழுதியவர் தொலைவில் இருக்கின்றார். அச்சொல்லின் பயனை நுகர்வோர் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கின்றனர். ஆகலின் இஃது ஏட்டுப் பொருளன்று, வாழ்க்கைப் பொருளாம்.

வாதத்தின் வகை

நியாய நூலார் வாதத்தை மூன்றாகப் பகுப்பர். உண்மையை அறியும் விருப்பத்தால் இருவர் கூடி ஆராய்வது வாதம். எவ்வாற்றானும் வெல்லுதலே நோக்கமாகப் பேசுவது சற்பம். தனக்கென ஒரு கொள்கையும் நாட்டாது, பிறர் கூறியதைச் சிதைப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. இம்மூன்றாவதன் பெயர் மட்டும் ‘விதண்டாவாதம்’ எனப் பாமரர் நாவிலும் வழங்குதல் கருதத்தக்கது. நாம் மிகுதியாகக் கண்டது அதுவே போலும்! ஒருவரோடு பேசத் தொடங்குமுன், இம்மூன்றனுள் நாம் செய்யப்புகுவது எது என்று நம்மையே வினவிக்கொள்ளுதல் முதற்கடமை.

வரலாறு தரும் பாடம்

முகம் அறியாதாரோடு எழுத்தால் உரையாடுதலும் முற்றும் புதியதன்று. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும், அவருடைய தோழர் கிரண்ட்லர் ஐயரும், தமிழறிஞர்பால் வினாக்கள் விடுத்து, அவற்றுக்குத் தமிழிலேயே மறுமொழிக் கடிதங்கள் பெற்றனர். 1712 முதல் 1714 வரை எழுதப்பட்ட அக்கடிதங்களுள் தொண்ணூற்றொன்பது ஜெர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. கடவுட் கொள்கை, வழிபாடு, திருமணம், சாதி வழக்கு முதலிய பலவும் அவற்றுட் பேசப்பட்டன. ஐரோப்பியரின் ஒழுக்கக் கேட்டைத் தமிழர் கண்டித்த பகுதிகளும் அவற்றுள் உள. மாற்றார் தம்மைக் குறித்துக் கூறும் குறையையும் தம் நாட்டார் கேட்கச் செய்தது அம்முயற்சியின் சிறப்பாம்.

ஆயினும் இதற்கு விலை இல்லாமற் போகவில்லை. சீகன்பால்கு ஐயர் தமிழர் வழிபடும் தெய்வங்களைப்பற்றி 1713-இல் விரிவானதொரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை அகற்றச் சென்றவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புவதா என்று அங்குள்ளோர் அதனை ஏற்றிலர். அந்நூல் 1867-இற்றான் சென்னையில் அச்சாயிற்று. பிறர் கொள்கையை உள்ளவாறு எடுத்துரைப்பவன், எதிரியாலன்றித் தன் கூட்டத்தாராலேயே ஐயுறப்படுவான் என்பதை நூற்றைம்பத்துநான்கு ஆண்டுக் காத்திருப்பு நமக்குக் கற்பிக்கின்றது. இன்றும் ஒரு குழுவில், ‘அவர்கள் கூறுவதிலும் ஓர் உண்மை உண்டு’ என்று எழுதிய மாணவன் முதலிற் பெறுவது தன் நண்பரின் வசையே.

இலங்கையின் பாணந்துறையில் 1873-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26, 28-ஆம் நாள்களில் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் நடந்த வாதம் உலகறிந்தது. மிகெட்டுவத்தை குணானந்த தேரரும், வெஸ்லியன் சபையைச் சார்ந்த டேவிட் டி சில்வா ஐயரும், ஆயிரக்கணக்கான மக்கள் முன்னர் முறைவைத்து மாறிமாறிப் பேசினர். உணர்ச்சி மிகுந்த அக்கூட்டமும் முறைமை இருந்தமையால் அமைதியுடன் கலைந்தது.

முறை இகந்த வாதத்திற்குச் சான்று வேண்டின், நம் நாட்டு அருட்பா – மருட்பாப் போரை நோக்குக. இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867-இல் திருவருட்பா என்னும் பெயரால் வெளிவந்தன. திருமுறைகளுக்கே உரிய அப்பெயரைப் பிறவற்றுக்கு இடலாகாது என யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தார். வினா நல்ல வினாவே; அமைதியாக ஆராயத்தக்கது. ஆயின் அஃது 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. பெரியோர் இருவரும் மறைந்த பின்னும் மறுப்புக்கு மறுப்பும் கண்டனத்துக்குக் கண்டனமுமாகத் துண்டு வெளியீடுகள் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை மருட்பாக் கட்சியிலும், மறைமலையடிகள் அருட்பாக் கட்சியிலும் நின்று பொருதனர். அவ்விரு பக்கத்தும் புலமைக்குக் குறைவில்லை, வசைக்கும் குறைவில்லை. அச்சுக்கூடம் எளிதிற் கிட்டியமையால் அன்று பெருகிய வசை, இன்று அதனினும் எளிய கருவி கிட்டியமையாற் பன்மடங்காயிற்று. இதனிடையே கண்டு மகிழத்தக்கது ஒன்றும் உண்டு. இடலாக்குடியிற் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், தாம் முஸ்லிமாயிருந்தும், அருட்பாவின் பக்கம் நின்று பேசினார். வாதத்தில் ஒருவன் நிற்குமிடத்தை அவன் பிறந்த கூட்டமே அறுதியிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாது?

நம் நெல்லைச் சீமைக்குப் பெருமை தரும் நிகழ்ச்சி மற்றொன்று. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தவேண்டும் என்னும் கட்சியை அறிஞர் அண்ணா மேற்கொண்டபோது, 1943-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப் பிள்ளையும், மார்ச்சுத் திங்களிற் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அவரை எதிர்த்து வாதித்தனர். முன்னவர் இராசவல்லிபுரத்தார், பின்னவர் எட்டயபுரத்தார். நூலை எரிப்பதா என்னும் கொதிக்கும் பொருளையும் ஒரே மேடையில், ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டிருந்து, பேச இயலும் என்பதை அவர்கள் காட்டினர்.

நன்னூல் காட்டும் நெறி

இனி, முறை யாது என்பதற்கு வருவோம். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய மதம் ஏழு என்பர். பிறர் கூறியதற்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று பின்னர்க் களைதல், தன் கொள்கையை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறரோடு சாராது தன் கொள்கையிலேயே நிற்றல். இவ்வேழனுள் உடன்படுதல் முதலில் வைக்கப்பட்டமை கருதற்பாலது. எதிரி கூறிய பத்தில் மூன்றேனும் நமக்கு உடன்பாடாயிருக்கும். அதனை முதலிற் சொல்லுதல் தோல்வியன்று.

மூன்றாவது மதமே இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை. பிறர் கொள்கையை மேற்கொண்டு களைதல் என்றால், ‘ஆம், யான் கூறுவது இதுவே’ என்று அவரே ஒப்புமாறு அவர் கருத்தை முதலில் எடுத்துரைத்தல். அங்ஙனம் உரைக்க இயலாதவன் மறுப்பது எதிரியின் கொள்கையையன்று. தான் புனைந்த பொம்மையையே. முகம் காணாத வாதத்திற்கு இவ்விதி இன்றியமையாதது. எதிரே இருப்பவர் முகம் சுளித்தால் நாம் பிறழ உணர்ந்தோம் என அறிவோம். எழுத்தில் அக்குறிப்பு இல்லை. அக்குறையை இவ்விதி ஒன்றே நிரப்பும்.

பவணந்தியார் விலக்கிய பத்துக் குற்றங்களுள்ளும் சில இற்றை வாதத்திற்கே வகுத்தன போலும். ஒருவர் ஒரு மணி நேரம் ஆற்றிய சொற்பொழிவில் அரை நிமிடத்தை வெட்டியெடுத்துப் பரப்புதல் குன்றக் கூறல். நம் ஊர்த் தீண்டாமையைப்பற்றிக் கேட்டால், ‘அந்நாட்டில் மட்டும் இல்லையா?’ என்று வேறொன்றிற்குத் தாவுதல் மற்றொன்று விரித்தல். விடை பெற்ற பின்னும் அவ்வினாவையே மீட்டும் மீட்டும் எறிதல் கூறியது கூறல். இக்குற்றங்களை எதிரியிடம் தேடுமுன் நம் எழுத்தில் தேடுதல் நலம்.

இற்றை வாதத்திற்குரிய மூன்று எச்சரிக்கை

முதலாவது, மறைந்த பெயர். பெயர் மறைத்தல் தன்னளவிற் குற்றமன்று. மேலதிகாரிக்கோ சாதிக்கட்டுக்கோ அஞ்சுவோர்க்கு அஃது அரண். மணிமேகலையும் வேற்றுருவோடு சென்றாளன்றோ? ஆயின் அவள் சென்றது கேட்பதற்கு. வைதலுக்காக மறைபவனுக்கு அம்முகமூடி நாளடைவில் முகமே ஆகிவிடும்.

இரண்டாவது, ஆராயாத செய்தி. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வ வழிபாட்டிற்குச் சென்ற முதியவள் ஒருத்தி, வழியிற் சிறாருக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவள் எனக் கருதி அடித்துக் கொல்லப்பட்டாள். கைப்பேசியிற் பரவிய வதந்தியே அந்நினைவை மக்கள் மனத்தில் ஊன்றியிருந்தது. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸாப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே காலத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரையறுத்தது. பொறி இட்ட வரம்பு ஐந்து. அறிவு இடும் வரம்போ, மெய்யெனத் தெரியாததை ஒருவர்க்கும் அனுப்பாமையாம்.

மூன்றாவது, சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் சுப்ரீம் கோர்ட்டு 2015-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் நீக்கியது. அது பேச்சுரிமைக்குக் கிடைத்த வெற்றி. எனினும் 2024 ஜூலை முதல் நாளினின்று நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு கூட்டத்தாரிடையே பகைமூட்டுதலையும், 299-ஆம் பிரிவு சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துதலையும் குற்றமாக்குகின்றன. மறுத்தல் வேறு, பகைமூட்டல் வேறு என்பதை மாணவர் மறத்தலாகாது.

நம் அண்டையார் யார்?

தென்காசிக்கு அணித்தாயுள்ள மீனாட்சிபுரம் என்னும் சிற்றூரில், 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், ஒடுக்கப்பட்ட குடும்பத்தார் பலர் ஒருசேர இஸ்லாத்தைத் தழுவினர். சாதிக் கொடுமையினின்று விடுதலையும் மானமும் நாடியே மாறினோம் என்றனர் அவருட் பலர். அயல்நாட்டுப் பணமே காரணம் என்றனர் எதிர்த்தோர். நாடெங்கும் அரசியலாரும் சமயத் தலைவரும் அதனைப்பற்றி வாதித்தனர். அவ்வூரின் பெயரையே அதற்குமுன் கேட்டிராதோர் அவ்வூரார் உள்ளத்தை அறுதியிட்டுரைத்தனர். இன்றும் எங்கோ ஓர் ஊர் செய்தியில் அடிபட்டால் நாம் செய்வது அதுவே. ஒரு மக்களைப்பற்றி வாதிக்குமுன் அம்மக்கள் கூறுவதைக் கேட்டோமா என்று நம்மை நாமே வினவவேண்டும். நாம் அயலார் என்று எண்ணி எழுதும் ஒருவர் யாரோ ஒருவர்க்கு அண்டையார். ஒருகால் நமக்கே அண்டையாராகவும் இருக்கலாம்.

இத்துணை இடர் உண்டெனின், அயலாரோடு வாதியாமையே நன்றன்றோ எனச் சிலர் கேட்பர். அன்று என்பதே எம் துணிபு. நிதானமுடையோர் வாய் மூடினால், அவை நிதானமற்றோர்க்கே உரியதாகிவிடும். தீண்டாமையும் பெண்ணடிமையும் ஒருவரும் வாதியாமல் தாமே தளர்ந்தவையல்ல. எனினும் எல்லா அவையும் புகுதற்குரியனவல்ல. வள்ளுவர் அவையஞ்சாமைக்கு முன்னர் அவையறிதலை வைத்தார். அஞ்சாமையினும் அறிதல் முற்பட்டது. விதண்டை ஒன்றே செய்வாரிடத்து ஒருமுறை தெளிவாக உரைத்து விலகுதல் கோழைமையன்று.

தென்காசிக் கோயிலை 1446-இல் எடுப்பிக்கத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், அங்குள்ள கல்வெட்டில், பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேருமாயின் அதனைத் தீர்த்துக் காப்போர் யாராயினும் அவரைப் பணிவதாகப் பொறித்துவைத்தான். தான் ஒருநாளும் காணாத மக்களிடம் ஒரு மன்னன் பேசிய பேச்சு அது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அக்கோபுரம் 1990-இல் மீட்டும் எழுந்தது. அவன் பணிந்த அயலார் வந்தேவிட்டனர்! மாணவர்காள்! நீவிரும் முகமறியாதார்க்கே எழுதுகின்றீர். அவரை எதிரியென மதித்து எழுதுமுன், அவர் கருத்தை அவரே ஒப்புமாறு ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதன் பின்னும் மறுக்கவேண்டின், அஞ்சாது மறுங்கள்.