பச்சை வீடு வாங்குமுன்

இடம்பெயர்ந்த குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு சிறு வளவும், பயிர்செய்து பழகிய கைகளுமே. அந்தச் சிறு வளவிலும் ஆண்டு முழுவதும் மரக்கறி விளைவிக்கலாம் என்று சொல்லிப் பச்சை வீடுகள் விற்கப்படுகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்திலோ, கடன்பட்டோ அவற்றை வாங்க எண்ணுவோரும் நம்மிடையே உளர். விலை கூடியது எல்லாம் நமக்கு ஏற்றதா? சேர்ந்து சிந்திப்போம்.

எதிலிருந்து பாதுகாப்பு?

பச்சை வீடு குளிர்நாடுகளுக்கென உருவானது. அதன் கூரை வெயிலை உள்ளே விடும்; சூடேறிய காற்றை வெளியே விடாது. நுவரெலியா போன்ற 6,000 அடி உயரமான இடத்தில் அது நன்மையே. வன்னியிலும் மட்டக்களப்பிலும் நமக்குக் குளிர் பகையல்ல. மாரியில் அடைமழையும், கோடையில் வெப்பமும், எக்காலத்திலும் பூச்சிகளுமே பகை. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் பழுதடையும், பூ உதிரும். இறுக மூடிய வீடு, எவ்வளவு விலையானாலும், இங்கே அடுப்பாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. காற்றோட்டம்: பக்கங்கள் திறந்து, வலை மட்டும் கட்டியிருக்க வேண்டும். கூரை உயரமாகவும், சூடு வெளியேற முகட்டில் திறப்புள்ளதாகவும் இருப்பது நன்று.

2. கூரை: வெயிலைத் தாங்குமாறு பதப்படுத்திய 200 மைக்ரோன் பொலித்தீன் ஏறக்குறைய மூன்று ஆண்டு உழைக்கும். சாதாரண பொலித்தீன் ஓராண்டுக்குள் வெடித்துவிடும். மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

3. வலை: அங்குலத்திற்கு 40 கண் உள்ள வலை வெண்ஈயைப் பெருமளவு தடுக்கும். ஆனால் கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றும் குறையும்.

4. சட்டகம்: 1978 கார்த்திகையில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை மூத்தோர் மறந்திரார். புயல் எச்சரிக்கை வந்ததும் பொலித்தீனை விரைவாகக் கழற்ற முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

5. நீர்: கூரை மழையைத் தடுப்பதால், மாரியிலும் நாமே நீரூற்ற வேண்டும். 10 அடிக்கு 20 அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 470 லீற்றர் நீர் விழும். பீலி வைத்துத் தொட்டியில் சேருங்கள்.

6. காணி: இதுவே முதன்மையானது. பிறர் காணியில் சீமெந்திட்டு நாட்டியதை, ஊர் திரும்பும் நாளில் பெயர்த்துச் செல்ல இயலாது. ஆணி, சுரை பூட்டிக் கழற்றக்கூடியதையே தெரிவு செய்யுங்கள்.

முதற்படி

கடன் எடுக்குமுன் ஓராண்டு சோதித்துப் பாருங்கள். தடிகளால் 10 அடிக்கு 20 அடியில் ஒரு கொட்டில் போட்டு, மாரியில் பொலித்தீன் கூரை இடுங்கள். கோடையில் அதைக் கழற்றிவிட்டு, அரை நிழல் விழத் தென்னோலையை ஐதாகப் பரப்புங்கள். கறிமிளகாய், தக்காளி, கீரை நட்டு, செலவையும் விற்ற பணத்தையும் கொப்பியில் எழுதி வாருங்கள். பெரிய வீடு வேண்டுமா என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.

குழுவாகக் கலந்துரையாட

- சென்ற மாரியில் எந்தப் பயிரை இழந்தோம்? மழையாலா, நோயாலா?
- நாம் இருக்கும் காணி எவ்வளவு காலத்திற்கு நம்மிடம் இருக்கும்?
- நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நாற்றுக் கொட்டில் அமைக்கலாமா?