களம் வெறுமையாய்க் கிடந்தாலும்

தியானப் பகுதி: ஆபகூக் 3:16-19



கரிசல் காட்டுல மானாவாரி வெள்ளாமை செய்கிற நமக்கு இந்தப் பகுதிக்குப் பெரிய விளக்கவுரை தேவையில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. 2023 டிசம்பர் 17, 18-ல் நம்ம தூத்துக்குடி மாவட்டத்தில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழைக்காக உபவாசித்த ஜனங்களே, மழை நிற்கணும்னு முழங்காலில் நின்றார்கள்.

இப்படிப்பட்ட காலத்தில் விசுவாசி எப்படி நிற்பது? ஆபகூக்கிடம் நான்கு காரியங்களைக் கவனியுங்கள்.

1. நஷ்டத்தை மறைக்க வேண்டாம்

அத்தி, திராட்சை, ஒலிவ, வயல், ஆட்டுமந்தை, மாட்டுத்தொழுவம் என்று ஆறு இழப்புகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணுகிறார். கல்தேயர் வருவதை அறிந்து அவருடைய சரீரமே நடுங்கியது. எவ்வளவு காலம் ஆண்டவரே என்று முதல் அதிகாரத்திலேயே கேட்டுவிட்டார். குழு லோன்காரர் வாசல்ல நிக்கும்போது, "எல்லாம் நல்லா இருக்கு பாஸ்டர், அல்லேலூயா!" என்று என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கண்ணீரோடு உள்ளதைச் சொல்வது அவிசுவாசம் அல்ல.

2. நொந்தவரைக் குற்றப்படுத்த வேண்டாம்

"விசுவாசம் குறைவு, அதான் விளையல" என்று பேசுகிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. யோபுவின் சிநேகிதரும் இதைத்தான் பேசினார்கள். தேவன் அவர்களைக் கடிந்துகொண்டார். பிறவிக் குருடனைக் கண்டு யார் பாவம் செய்தது என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவன் பெற்றோரும் அல்ல என்றே இயேசு பதில் கொடுத்தார் (யோவான் 9). படைப்புழு என்ன, காணிக்கை நோட்டைப் பார்த்தா காட்டுக்குள்ள வந்துச்சு?

3. நம்பிக்கை விளைச்சலின் மேல் அல்ல

அடுத்த வருஷம் இரட்டிப்பாய் விளையும் என்று ஆபகூக் சொல்லவில்லை. தொழுவம் காலியாய் இருக்கும்போதே தேவனுக்குள் களிகூருகிறார். இதை நான் யோசிக்கும்போதெல்லாம் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைப்பேன். 1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்தார்கள். அதன்பின் 1951-ல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, சுமார் 20 வருஷம், பெரும்பாலும் படுக்கையறையில்தான். பழைய பெலன் திரும்பவில்லை. ஆனாலும் அந்த அறையிலிருந்தே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதினார்கள். தேவன் சுகம் தருகிறார் என்று நான் பிரசங்கிக்கிறேன். அதற்காக உங்களுக்குக் கை வைத்து ஜெபிக்கிறேன். சுகம் தாமதித்தாலும் அவர் தேவனே. சிலுவைக்குப் போய்க் கல்லறையிலிருந்து எழுந்தவர்மேல் நம் நம்பிக்கை இருக்கிறது; மழைமானியின் மேல் அல்ல.

4. கை கொடுக்காத ஆறுதல் அரைகுறை

அப்போஸ்தலர் 11-ல் அகபு பஞ்சம் வரும் என்று ஆவியினால் அறிவித்தான். கிலவுதியு ராயன் காலத்தில் அது வந்தது. அந்தியோகியா சபையார் அந்தத் தீர்க்கதரிசனத்தைக் கேட்டு ஆர்ப்பரித்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அவனவன் தன் திராணிக்குத் தக்கதாய்ப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். நாமும் செய்யலாமே! விதை உளுந்து மிச்சம் இருக்கிறவர் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை குறைந்துபோன சகோதரி வீட்டுக்கு ஒரு படி அரிசி போகட்டும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம்.

பிரியமானவர்களே, கடன் பாரத்தால் "இனி வாழ்ந்து என்ன" என்ற எண்ணம் யாருக்காவது வந்திருந்தால், அது தேவ சத்தம் அல்ல. இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். ராத்திரியானாலும் என் கதவைத் தட்டுங்கள். உட்கார்ந்து கணக்கும் பார்ப்போம், ஜெபமும் பண்ணுவோம்.

மான்கால்களைப் போல நம் கால்களை உறுதிப்படுத்துகிற தேவன், இந்த வறண்ட பூமியிலும் உங்களை நடத்துவாராக. ஆமென்.