சால்மன் கிரீமுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி...

கடம்பூர் ஸ்டேஷன்ல போளி வாங்கிட்டு ரயிலேறி உட்கார்றதுக்குள்ள போன்ல மூணு விளம்பரம் வந்துருது. சால்மன் மீன் டி.என்.ஏ. தடவினா முகம் பளபளக்குமாம். ஆர்டர் போடப் போறியா? கொஞ்சம் பொறு தாயி.

1. முதல்ல அது என்னன்னு தெரிஞ்சுக்கோ. பேரு பி.டி.ஆர்.என். சால்மன், ட்ரவுட் மீன்களோட விந்தணுவில இருந்து பிரிச்சுச் சுத்தம் பண்ணின டி.என்.ஏ. துண்டுகள். முகத்தைச் சுளிக்காதே, சரக்கு பொய்யில்லை. உடம்புக்குள்ள போனதும் அது இன்னும் பொடியா உடையும். அந்தப் பொடி, செல்லோட மேலுறையில இருக்கிற ‘ஏ2ஏ’ங்கிற ஏற்பியில போய் ஒட்டும். கோவில்பட்டி மில்லுல சங்கு ஊதினா ஷிப்ட் ஆளுங்க உள்ள நுழையுற மாதிரி, அதுதான் செல்லுக்குச் சங்கு. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் பெருகும், தோலுக்கு உறுதி குடுக்கிற கொலாஜன் நாரை நெய்யும், புது ரத்தக்குழாய் முளைக்கும். மிச்சத் துண்டுகளையும் செல் வீணாக்காது, தன் டி.என்.ஏ. கட்டிக்க எடுத்துக்கும்.

2. கிரீமை நம்பிக் காசைக் கொட்டாதே. நம்ம தோல் சுமார் 500 டால்டன் (மூலக்கூறு எடையோட அளவு) வரைக்கும்தான் சுலபமா உள்ள விடும். இந்தத் துண்டோ 50,000-த்துல இருந்து 15 லட்சம் டால்டன். சோளத்தை மாவுச் சல்லடையில கொட்டினா இறங்குமா? மேல ஈரப்பசை கிடைக்கும், அவ்வளவுதான்.

3. ஊசியா? தோல் டாக்டர்கிட்ட மட்டும். பார்லர்ல ஊசி ரோலர் உருட்டச் சொல்லி உட்காராதே, கிருமி புகுந்தா தழும்பு உனக்குத்தான். மீன் அலர்ஜி, கர்ப்பம், தாய்ப்பால் இருந்தா வாயைத் திறந்து முதல்லயே சொல்லு.

4. வெயிலை மறக்காதே. கரிசக்காட்டு வெயில் கொலாஜனை அறுத்துக்கிட்டே இருக்கும்போது எந்த ஊசி ஈடு குடுக்கும்? களையெடுக்கப் போனாலும் தீப்பெட்டி ஆபீஸுக்கு நடந்தாலும் முகத்தை மூடுற மாதிரி முக்காடு, கூட எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன்.

5. இந்த மருந்தோட நிஜமான பெருமை முகத்துல இல்லை, சுகர்க்காரங்க கால் புண்ணுல. 2014-ல இத்தாலி ஆய்வு ஒண்ணு வெளியாச்சு. ஆறாத கால் புண்ணுக்கு 8 வாரம் ஊசி போட்டவங்கள்ல 37 சதவீதம் பேருக்குப் புண் முழுசா ஆறுச்சு. வெத்து ஊசி போட்டவங்கள்ல 19 சதவீதம்தான். ஆனா அதுவும் டாக்டர் முடிவு பண்ணுற வைத்தியம். புண்ணுல சுண்ணாம்பு, மஞ்சள்னு அப்பி நாளைக் கடத்தாதே. புண்ணு இருக்கிறவங்களைக் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.

சுகர் இருந்தா காலு மரத்துப்போகலாம், அப்போ முள்ளு குத்தினாலும் தெரியாது. அதனால கிரீமுக்கு ஆர்டர் அப்புறம் போடு. அம்மாவுக்குச் சுகர்னா, இன்னிக்கு ராத்திரி லைட்டைப் போட்டு, அவங்க உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒருதரம் பாத்துரு.