எல்லாச் செய்திக்கும் ஆமென் போட வேண்டுமா?

கேள்வி: புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன் ஐயா. வயது 52. போன் கையை விட்டு இறங்குவதே இல்லைங்க. முட்டை விலை, மக்காச்சோளம், சோயா விலை, எங்கோ ஒரு மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று ஒரு வீடியோ, போர்ச் செய்தி. இதற்கு நடுவே சபை குழு, ஜெபக் குழு, ஊழியக்காரர்கள் அனுப்பும் தினவசனம். எல்லாவற்றுக்கும் ‘ஆமென்’ போடுகிறேன். ஆனால் முழங்கால் போட்டால் இரண்டு நிமிஷம் மனசு நிற்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் மறுபடியும் போன்தான். விசுவாசம் குறைந்ததால்தான் சமாதானம் இல்லை என்கிறார்கள். சபை குழுவை விட்டு விலகினால் தப்புங்களா?
— ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: விசுவாசக் குறைவு என்று சொன்னவர்கள் கெத்செமனே தோட்டத்தை மறந்துவிட்டார்கள். அங்கே இயேசுவே வியாகுலப்பட்டார். கூட விழித்திருக்கச் சொல்லி மூன்று பேரைத் துணைக்குக் கூப்பிட்டார். மனம் கலங்குவது பாவமல்ல, அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பறவைக் காய்ச்சல் அல்ல, எல்லாவற்றுக்கும் ஆமென் போடுகிறேன் என்ற வரி. நாம் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். ஆமென் போட்ட மறுநொடி விரல் அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுகிறது. காலையில் யாருக்காக ஜெபித்தோம் என்று மத்தியானம் கேட்டால் பெயர் வராது. பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் தடைபடும் என்று ஒரு ரகம் வருகிறதே, அது மந்திரம். அதை ஜெபக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாற்கு முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கப்பர்நகூமில் பொழுது சாய்ந்ததும் ஊரே நோயாளிகளோடு வாசலில் கூடுகிறது. மறுநாள் விடிவதற்குள் இயேசு எழுந்து தனியிடம் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். நாமாக இருந்தால் எழுந்து ஓடியிருப்போம். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். தேடியவர்களின் தேவை பொய்யல்ல. இருந்தும் அன்றைக்கு அவர் போன வழி வேறு. எனக்கு இந்த இடம் இன்றும் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா அழைப்புக்கும் பதில் சொல்வதுதான் அன்பு என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. 131-ஆம் சங்கீதம் மூன்றே வசனம். தன் அளவுக்கு மிஞ்சிய பெரிய காரியங்களில் தலையிடமாட்டேன் என்று ஒரு ராஜா சொல்கிறான். ராஜாவுக்கே ஒரு எல்லை உண்டு!

உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கிழக்கே கொல்லிமலை தெரியும். 1913-ல் சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடித்த கையோடு ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி அந்த மலை ஏறினார்கள். காரவள்ளியிலிருந்து இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறதே, அந்தப் பாதையெல்லாம் அப்போது ஏது? அடுத்த வருஷமே ஐரோப்பாவில் உலகப் போர். சொந்த நாட்டுத் தபால் கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். மலையில் அவர்கள் முன்னால் நின்றதோ பல் வலிக்காரர், சீழ்க்கட்டியோடு வந்தவர், காலில் நரம்புச் சிலந்தி இருந்தவர். அந்தப் புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, அறுந்துவிடாமல் வெளியே எடுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு அந்த வேலை ஆகாது.

அதற்காக அது நிம்மதியான காலம் என்று நான் கதை கட்டமாட்டேன். 1929 ஜூனில் ஜெஸ்ஸி, மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் 44 வயதில் இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்குத் தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா உயிரோடிருக்கும்போது எழுதிய கடிதம் கப்பலில் அதற்குப் பிறகு வந்தது. மலைமேல் சவாரி போகையில் கண்ட அழகைச் சொல்லி, இந்த உலகத்தை உற்றுக் கவனி, கடவுளுக்கு நன்றியோடு இரு என்று எழுதியிருந்தார். தந்தி சொன்னதும் உண்மைதான். ஆனால் பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், வயதான பிறகும் எடுத்துச் சொன்னது அந்தக் கடிதத்தைத்தான். எவலின் அம்மையாரோ மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்தார். 1974-ல் 95 வயதில்தான் இறந்தார்.

இப்போது உங்கள் போனுக்கு வருவோம். ஒவ்வொரு செய்திக்கும் ஒரே கேள்வி போதும்: இதற்கு என் கை எட்டுமா? முட்டை விலையை ஒருங்கிணைப்புக் குழு அறிவித்ததும் ஒரு தடவை பாருங்கள். யூகச் செய்திகளால் ஒரு பைசா ஏறப்போவதில்லை. பறவைக் காய்ச்சல் என்றால் உங்கள் கையில் இருப்பது வாசலில் லாரி டயருக்கு மருந்து அடிப்பதும், வெளியாளை ஷெட்டுக்குள் விடாமலிருப்பதும். அதைச் செய்தாகிவிட்டால் எட்டாவது வீடியோ புதிதாக எதையும் சொல்லாது. சந்தேகம் இருந்தால் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே கேளுங்கள். போர்ச் செய்தியைக் கேட்டு ஜெபியுங்கள், முடிந்த உதவியை அனுப்புங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பார்த்து யாருக்கு என்ன லாபம்?

பண்ணையில் ஆள் இருப்பதால் போனை அணைக்கச் சொல்லமாட்டேன். நெட்டை மட்டும் அணைத்து, அழைப்பு மணி கேட்கிற தூரத்தில் வேறு அறையில் வையுங்கள். விடிந்ததும் ஜெபம் முடித்த பிறகு எடுத்தால் போதும். முதல் ஒரு வாரம் கை பரபரக்கும், அது சகஜம். தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசத்துக்கு எதிரானதல்ல.

சபை குழுவை விட்டு விலக வேண்டாம். சத்தத்தை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஒரு தடவை திறந்து, ஒரே ஒரு ஜெபக்குறிப்பை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பம் ராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ இருந்தால் மொபெட்டில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆமென் போடாததால் உங்கள் பாஸ்டர் வருத்தப்படக்கூடும் என்று தோன்றினால், குழுவில் விளக்கம் எழுதாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவருக்கும் இதே தொல்லைதான் இருக்கும்.