இடது கைக்கு ஒரு கிதார்

திருப்பதியில் ஒரு சிறிய இசைக்கருவிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைப் பலகையில் தெலுங்கிலும் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறது.

ஒரு நாள் சித்தூரிலிருந்து ஒரு தாய் தன் மகளுடன் வந்தார்.

"அண்ணா, பிள்ளைக்கு ஒரு கிதார் வேணும்" என்றார்.

கடைக்காரர் ஒரு கிதாரைக் கொடுத்தார். சிறுமி அதை மறுபக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். தாய்க்கு வெட்கமாகிவிட்டது.

"சோத்துக் கையால வாசிடி!" என்று அதட்டினார்.

"அதட்டாதீங்கம்மா. பாப்பாவுக்கு இடது கைப் பழக்கம். அது குறை இல்லை. நூறு பேரில் சுமார் பத்துப் பேர் இப்படித்தான்" என்றார் கடைக்காரர்.

"அப்போ இதையே திருப்பி வச்சு வாசிக்கலாமே?"

"திருப்பினால் மேலே இருக்கும் தடித்த கம்பி கீழே போய்விடும். கம்பிகளை மாற்றிக் கட்டினாலும் சிக்கல் உண்டு. ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனுக்கு ஏற்ற பள்ளம் வெட்டியிருக்கிறது. தடித்த கம்பி சின்னப் பள்ளத்தில் உட்காராது. அடியில் கம்பிகளைத் தாங்கும் துண்டு சாய்வாக இருக்கிறது. அந்தச் சாய்வும் மாறவேண்டும். இல்லாவிட்டால் சுருதி சரியாகச் சேராது."

அமெரிக்காவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் (1942–1970) என்ற கலைஞர் இருந்தார். அவர் வலது கைக் கிதாரைத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். உலகப் புகழ் பெற்றார்.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். அவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இடது கையால் மிருதங்கம் வாசித்தவர். அதனால் மேடையில் வழக்கமான இடத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டியிருந்தது. வயலின் வாசிப்பவரும் இடம் மாறவேண்டும். சிலர் அதற்கு இணங்கவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்துத் தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். பின்னாளில் மிருதங்க மேதைகளில் ஒருவராக அவர் போற்றப்பட்டார். கை மாறவில்லை. உட்காரும் இடம்தான் மாறியது.

கடைக்காரர் இடது கைக் கிதார் ஒன்றைக் கொண்டுவந்தார். சிறுமியின் விரல்கள் கம்பியில் இயல்பாகப் பதிந்தன. ஆனால் அது பெரியவர்களுக்கான அளவு.

"சின்ன அளவில் வரவழைத்துத் தருகிறேன். பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள்" என்றார் கடைக்காரர்.

"ஏன் ஒண்ணுதான் வச்சிருக்கீங்க?"

கடைக்காரர் கணக்குச் சொன்னார். "என் முதல் 50,000 ரூபாய். ஒரு கிதார் 5,000 ரூபாய் என்றால் பத்து வாங்கலாம். அதில் ஐந்தை இடது கைக்கு வாங்கினால் 25,000 ரூபாய் முடங்கிப்போகும். கடனுக்கு வட்டி கட்டவேண்டுமே! அதனால் கையில் பிடித்துப் பார்க்க ஒன்று வைத்திருக்கிறேன். மற்றதைக் கேட்பவர்களுக்கு வரவழைக்கிறேன். வலது கைக் கிதாரை உங்களிடம் இன்றே விற்றிருக்கலாம். பாப்பா ஒரு மாதத்தில் அதை மூலையில் போட்டிருப்பாள்."

தாய் பணம் கொடுத்தார். கடைக்காரர் ரசீது எழுதினார். அவர் முதியோர் கல்வியில் படிக்கக் கற்றவர். ரசீதை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார்.

"கிதார் ஒன்று... அண்ணா, இடது கைன்னு எழுதலையே! வேற வந்துட்டா?"

கடைக்காரர் சிரித்தார். "நல்லவேளை படித்தீர்கள்!" என்று சொல்லி, 'இடது கை, சின்ன அளவு' என்று சேர்த்து எழுதினார்.

தெரிந்துகொள்வோம்

சிறு தொழிலுக்கு முத்ரா கடன் திட்டம் 2015இல் தொடங்கியது. 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் வங்கியில் கேட்கலாம்.

கணக்குப் போடுவோம்

விற்காத 4 கிதார்களில் 20,000 ரூபாய் முடங்கியுள்ளது. நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி. ஆறு மாதத்தில் எவ்வளவு வட்டி? (விடை: 1,200 ரூபாய்)

சிந்திப்போம்

1. ரசீதைப் படிக்காமல் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. உங்கள் ஊரில் இடது கைப் பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்கள்?