தள்ளித் தள்ளி வந்த தேதி

கேள்வி: 'எந்திரன்' படத்தின் தொடர்ச்சியான '2.0' வெளியான நாள் எது? டெல்லிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: '2.0' வெளியானது 2018 நவம்பர் 29, வியாழக்கிழமை. முதலில் 2017 தீபாவளிக்கு என்றார்கள். பிறகு 2018 ஜனவரி குடியரசு தின வாரம், பிறகு ஏப்ரல் என்று தேதி நகர்ந்துகொண்டே போனது. காரணம், முடியாத கிராஃபிக்ஸ் வேலை. '2.0' 3டி கேமராவிலேயே நேரடியாக எடுக்கப்பட்ட படம் என்பதால் அந்த வேலை இன்னும் கூடியது.

டெல்லித் தொடர்பு சுவையானது. ரஜினிகாந்தும் அக்‌ஷய் குமாரும் மோதும் இறுதிக் காட்சியை, 2016 மார்ச்சில் டெல்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் இயக்குநர் ஷங்கர் படமாக்கினார். சிட்டி ரோபோ அறிமுகமான 'எந்திரன்' வெளியானது 2010 அக்டோபர் 1. அதற்கு இரண்டே நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, காமன்வெல்த் போட்டிகளின் தொடக்க விழா நடந்ததும் இதே அரங்கில்தான். தற்செயல்தான், ஆனால் கதாசிரியர் யோசித்து வைத்தது போல இருக்கிறது.