ஈப்போவில் ஸ்புரூஸ் மரம் ஏன் வாடுகிறது?

கூம்பு வடிவம், இரண்டடி உயரம், அடர்ந்த பச்சை நிறம். குள்ள ஸ்புரூஸ் மரத்தின் அழகு இதுதான். குளிர்நாட்டு வீடுகளின் வாசலில் இது நிற்கும் படத்தைப் பார்த்தால், நம் வீட்டிலும் ஒன்றை வைக்கலாமே என்று தோன்றும். ஈப்போவில் வைத்தால் என்ன ஆகும்? தொடக்கத்தில் பச்சையாகவே நிற்கும். பிறகு ஊசி போன்ற இலைகள் பழுப்பாகி உதிரும். தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றுவோம். சத்து இல்லை என்று உரம் போடுவோம். மரம் இன்னும் விரைவாக வாடும்.

தவறு எங்கே? இதைப் புரிந்துகொள்ள, நம் தாத்தா பாட்டிக்கு நன்கு தெரிந்த இன்னொரு மரத்தையும் சேர்த்துப் பார்ப்போம். அதுதான் ரப்பர் மரம்.

இரண்டும் வெளியூர் மரங்களே

குள்ள ஸ்புரூஸ், வெள்ளை ஸ்புரூஸ் என்ற பெரிய மரத்தில் இயற்கையாகத் தோன்றிய குட்டை வகை. அமெரிக்காவின் ஆர்னால்ட் தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஜே. ஜி. ஜாக், ஆல்பிரட் ரேடர் ஆகிய இருவரும் 1904இல் கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் இதைக் கண்டெடுத்தனர். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும். பனி உறையும் கடுங்குளிரையும் தாங்கும்.

ரப்பர் மரத்தின் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் சுமார் 70,000 விதைகளை இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்ககால மரங்களில் ஒன்றை இன்றும் கோலகங்சார் நகரில் பார்க்கலாம்.

ரப்பரும் வெளியூர் மரம், ஸ்புரூஸும் வெளியூர் மரம். ஆனால், ஒன்று பேராக்கில் தோட்டம் தோட்டமாகப் பரவி நம் முன்னோரின் வாழ்க்கையையே மாற்றியது. மற்றொன்று ஒரு பூச்சாடியில்கூடப் பிழைக்கச் சிரமப்படுகிறது. ஏன்?

மரத்திற்கும் ஒரு நாள்காட்டி

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் மழை குறையும்போது ரப்பர் மரம் இலைகளை உதிர்க்கும். பால் குறையும். சில வாரங்களில் புதுத் தளிர் வரும். இது ரப்பர் மரத்தின் ஓய்வுக் காலம். சற்று வறண்ட பருவம் வந்தாலே அதற்குப் போதும். அந்தப் பருவம் பேராக்கிலும் உண்டு.

ஸ்புரூஸ் மரத்திற்கும் ஓய்வு தேவை. ஆனால், அதற்கான அறிகுறிகள் வேறு. பகல் நேரம் குறையத் தொடங்கியதும் அது வளர்ச்சியை நிறுத்தி மொட்டுகளை மூடிக்கொள்ளும். பிறகு பல வாரங்கள் கடுங்குளிர் நீடிக்க வேண்டும். அப்போதுதான் வசந்த காலத்தில் அந்த மொட்டுகள் ஒழுங்காக விரியும்.

ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். குளிர்காலம் என்பதே இல்லை. எனவே, எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்று அந்த மரத்திற்குத் தெரிவதில்லை.

இரவிலும் செலவு

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒளிச்சேர்க்கையின் வழி மரம் பகலில் உணவு தயாரிக்கிறது. சுவாசத்தின் வழி இரவும் பகலும் அந்த உணவைச் செலவு செய்கிறது. பொதுவாக, வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் தாவரத்தின் சுவாச வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஈப்போவில் இரவில்கூட வெப்பநிலை 23, 24 பாகை அளவில் இருக்கும். குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய ஸ்புரூஸ், வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பம்போல் ஆகிவிடுகிறது. சேமிப்பு கரைந்ததும் இலைகள் உதிர்கின்றன.

இந்த நிலையில் நீரை மிகுதியாக ஊற்றினால், மண்ணில் உள்ள காற்று இடைவெளிகள் நிரம்பிவிடும். வேர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. வேர் அழுகும். அளவுக்கு மீறிய உரமோ வேரிலிருந்து நீரை வெளியே இழுக்கும். சவ்வூடு பரவல் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள்.

கேமரன் மலையில் வைக்கலாமா என்று கேட்கலாம். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சுமார் 6 பாகை குறையும். அதனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள கேமரன் மலையில் சுவாசச் செலவு குறையும். ஆனால், அங்கும் பகல் நேரம் மாறுவதில்லை. உறைபனிக் காலமும் இல்லை.

நமக்கு ஏற்ற ஊசியிலை மரங்கள்

கூம்பு மரத்தின் அழகு வேண்டுமானால், வெப்பம் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். நார்போக் தீவு பைன், சீன ஜூனிபர், போடோகார்பஸ் ஆகியவை நம் நாட்டில் வளர்க்கப்படுகின்றன. போடோகார்பஸ் இனங்கள் சில மலேசியக் காடுகளிலேயே இயற்கையாக உள்ளன. இவற்றைப் பேணும் முறை இதோ:

1. வெளிச்சம்: நாள்தோறும் சில மணி நேரம் நேரடி வெயில் படட்டும். வீட்டுக்குள்ளேயே வைத்தால் கீழ்க்கிளைகள் காயும்.

2. மண்: கிந்தா பள்ளத்தாக்கில் பல குடியிருப்புகள் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் அமைந்தவை. சில இடங்களில் வெறும் மணல், சில இடங்களில் ஒட்டும் சேறு. ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். உடனே வற்றினால் மக்கிய உரம் சேருங்கள். பல மணி நேரம் தேங்கினால் மேடு அமைத்து நடுங்கள்.

3. நீர்: விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம்.

4. கத்தரித்தல்: பசுமையான நுனிகளை மட்டும் வெட்டுங்கள். இலையற்ற பழைய கிளையை வெட்டினால், பெரும்பாலான ஊசியிலை மரங்களில் அங்கு மீண்டும் துளிர் வராது. நார்போக் பைனின் உச்சியை வெட்டவே கூடாது. அதன் வடிவம் கெட்டுவிடும். தரையில் நட்டால் அது மிக உயரமாக வளரும் என்பதால், வீட்டை ஒட்டி நடாமல் சாடியிலேயே வையுங்கள்.

5. பூச்சி: மழை படாத முன்கூரையின் கீழ் வைத்த மரத்தில் சிலந்திப் பேன் வரலாம். அதற்கு எட்டுக் கால்கள். அது பூச்சி இனம் அன்று. அதனால் சாதாரணப் பூச்சிமருந்து பெரும்பாலும் பயன் தராது. வாரம் ஒருமுறை இலைகளை நீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

உள்பக்கத்து முதிர்ந்த இலைகள் சில பழுப்பாவது இயல்பே. நுனி இலைகள் பழுப்பானால்தான் கவலைப்பட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

ரப்பர் மரத்தின் பிறப்பிடமான தென் அமெரிக்காவில் அதைத் தாக்கும் ஓர் இலைக்கருகல் பூஞ்சை உள்ளது. 1928இல் பிரேசிலில் ஹென்றி போர்டு தொடங்கிய போர்டுலாந்தியா ரப்பர்த் தோட்டம் தோற்றதற்கு அந்நோயும் ஒரு காரணம். அந்தப் பூஞ்சை இங்கு வராததும் நம் ரப்பர் மரங்கள் செழித்ததற்குக் காரணமே. ஆகவே, வெளிநாடு சென்று திரும்பும்போது அனுமதியின்றிச் செடியையோ விதையையோ மண்ணையோ கொண்டுவரக் கூடாது. பையில் வரும் ஒரு சிறு கன்றுடன் ஒரு பெருநோயும் வரக்கூடும்.

மரத்தைப் பேணும் வேலை, நீர் ஊற்றும்போது தொடங்குவதில்லை. எந்த மரத்தை நடுவது என்று முடிவு செய்யும்போதே தொடங்கிவிடுகிறது.

செய்து பாருங்கள்

ஊசியிலைச் செடியின் கிளையடியில் வெள்ளைத்தாளைப் பிடித்து, கிளையை மெல்லத் தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் நகர்கின்றனவா? நகர்ந்தால் அவை சிலந்திப் பேனாக இருக்கலாம். உருப்பெருக்கியால் கால்களை எண்ணிப் பாருங்கள்.

சிந்தியுங்கள்

1. ரப்பர் மரத்தின் ஓய்வுக்கும் ஸ்புரூஸ் மரத்தின் ஓய்வுக்கும் உள்ள வேறுபாடு என்ன?
2. குளிரூட்டி அறையில் வைத்தால் ஸ்புரூஸ் பிழைக்குமா? வெளிச்சம், பகல் நேரம், வெப்பநிலை ஆகிய மூன்றையும் கருதி விடை எழுதுங்கள்.
3. சவுக்கு மரம் பார்ப்பதற்கு ஊசியிலை மரம்போல் இருந்தாலும் அது பூக்கும் தாவரம். ஒரு கிளையை உருப்பெருக்கியால் நோக்கி, அதன் உண்மையான இலைகள் எங்கே என்று கண்டுபிடியுங்கள்.